சத்தியா, இருமலா? பூனையின் வயிறும் நெஞ்சும் குறித்துச் சில விடயங்கள்

வீட்டுப் பூனைகளை மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வைக்கும் காரணங்களில் இரண்டு மிகப் பொதுவானவை: ஒன்று வயிறு சார்ந்தது, மற்றையது மூச்சு சார்ந்தது. நான் வசிக்கும் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியிலும் சுற்றியுள்ள ஒழுங்கைகளிலும் பூனை வளர்க்கும் வீடுகள் பல இருப்பதால், மாலையில் படிக்கட்டில் சந்திக்கும்போது பேச்சு பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கும். அந்தப் பேச்சுகளில் நான் திரும்பத் திரும்பக் கவனித்த ஒன்று உண்டு. "சத்தி எடுக்கப் பார்க்கிறது, ஆனால் வருவதில்லை" என்று சொல்லப்படும் பூனை பல வேளைகளில் இருமிக்கொண்டிருக்கிறது. "வயிறு சரியில்லை, சாப்பாட்டைத் தொடுவதில்லை" என்று சொல்லப்படும் பூனைக்கோ வயிற்றில் ஒன்றுமில்லாமல் மூக்கு அடைத்திருக்கிறது. தொல்லை வயிற்றிலிருந்து வருகிறதா, நெஞ்சிலிருந்து வருகிறதா என்பதை வீட்டில் இருப்பவர் பிரித்தறிந்தால், வைத்தியரிடம் சரியான செய்தி சரியான நேரத்தில் போய்ச் சேரும்.

முதலில் பூனை இருக்கும் நிலையைப் பார்க்க வேண்டும். சத்தி எடுக்கப்போகும் பூனை அதற்குச் சற்று முன்பே அமைதியிழந்துவிடும். உதட்டை நக்கும், எச்சிலை விழுங்கும், சில பூனைகள் வழக்கமில்லாத ஒரு குரலில் கத்தும். பிறகு விலா எலும்புகளுக்குப் பின்னால் வயிற்றுத் தசைகள் அலையலையாகச் சுருங்குவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். முடிவில் உணவோ, நுரையோ, மஞ்சள் பித்தநீரோ வெளியே வரும். இருமும் பூனை வேறு விதமாக இருக்கும். அது தரையோடு தரையாகப் பதுங்கி, முழங்கைகளைச் சற்று அகட்டி, கழுத்தை முன்னோக்கி நீட்டி, தலையைத் தாழ்த்திக்கொள்ளும். வறண்ட, கரகரப்பான ஒலி தொடர்ச்சியாகச் சில தடவைகள் எழும். கடைசியில் ஒரு விழுங்கல், அவ்வளவுதான். பிறகு எழுந்து, ஒன்றும் நடவாததுபோல் தன் பாட்டில் போய்விடும். தரையில் எதுவும் கிடக்காது. எங்கள் மாடியில் ஒரு சாம்பல் நிறப் பூனை மாதக்கணக்கில் இப்படித்தான் செய்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அன்ரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "மயிர் உருண்டையாத்தான் இருக்கும் பிள்ளை, கொஞ்சம் எண்ணெய் பருக்கிவிடுங்கோ" என்று அன்போடு சொன்னார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அது தொய்வு (ஆஸ்துமா) என்று தெரியவந்தது.

எண்ணெய் பருக்குவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். விருப்பமில்லாத பூனையின் வாயைத் திறந்து எண்ணெய், பால், சோற்றுக்கஞ்சி எதை ஊற்றினாலும் அதில் ஒரு பங்கு மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். மலச்சிக்கலுக்கென்று கொடுக்கப்படும் திரவ பரபின் இதில் மிகவும் ஆபத்தானது. அதற்குச் சுவையும் உறுத்தலும் இல்லாததால் இருமலைத் தூண்டாமலேயே நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கிவிடும். வயிற்றுக்குச் செய்த வைத்தியம் நெஞ்சு நோயாக முடியும் வழிகளில் இது ஒன்று.

சத்திக்கும் இருமலுக்கும் நடுவே மூன்றாவதாக எதுக்களிப்பும் உண்டு. சாப்பிட்ட சில நிமிடங்களில், வயிற்றுத் தசைகள் சுருங்காமலே, செரிக்காத உணவு நீளமான உருளை வடிவில் வெளியே வந்து விழும். அவசர அவசரமாக விழுங்கும் பூனைகள் எப்போதாவது இப்படிச் செய்வதுண்டு. அடிக்கடி நடந்தால் உணவுக்குழாயைத்தான் சோதிக்க வேண்டும். இவற்றை வாயால் விவரிப்பது கடினம். ஆகவே கைத்தொலைபேசியில் ஒரு சிறு காணொளி எடுத்துக்கொள்வது நல்லது. சிகிச்சை நிலையத்து மேசையில் ஏற்றியவுடன் எந்தப் பூனையும் இருமிக் காட்டுவதில்லை.

இனி வயிற்றுக்கு வருவோம். மயிர் உருண்டை உண்மையிலேயே உள்ளதுதான். நீண்ட மயிருள்ள பூனை எப்போதாவது ஒரு முறை அதைக் கக்குவதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அடிக்கடி கக்கும் பூனைக்கு ஒன்றில் தெள்ளுக்கடியாலோ தோல் நோயாலோ அளவுக்கு மீறி நக்கும் பழக்கம் இருக்கும், அல்லது குடலின் அசைவில் கோளாறு இருக்கும். வயது முதிர்ந்த பூனை அடிக்கடி சத்தி எடுத்து மெலிந்துகொண்டு போனால் சிறுநீரக நோயும் தைரொயிட் மிகைச்சுரப்பும் முதலில் நினைவுக்கு வர வேண்டும். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டறியலாம்.

நமது வீடுகளில் பூனையின் வயிற்றைக் கெடுப்பதில் நமது சமையலுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. மீன் குழம்பில் பிசைந்த சோறும், மிஞ்சிய சொதியும் தலைமுறை தலைமுறையாகப் பூனைக்கு வைக்கப்பட்டு வருகின்றன. அவற்றில் வெங்காயமும் உள்ளியும் இல்லாமல் இருப்பது அரிது. வெங்காய இனத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 5 கிராம் வெங்காயமே பாதிப்பைத் தோற்றுவிக்கப் போதுமானது. அதாவது 4 கிலோ எடையுள்ள பூனைக்கு 20 கிராம், ஏறக்குறைய இரண்டு மூன்று சின்ன வெங்காயம். சமைத்தாலும் பொடியாக்கினாலும் நச்சு போவதில்லை. முதலில் சத்தியும் வயிற்றோட்டமும் வரும். சில நாட்கள் கழித்து முரசு (பல் ஈறு) வெளிறி, இரத்தச்சோகையால் மூச்சு வேகமாகும். அப்போது வீட்டார் நெஞ்சு நோய் என்று நினைத்து வருவார்கள். முந்தைய வாரம் என்ன சாப்பிட்டது என்று வைத்தியர் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

மீனை எடுத்துக்கொண்டால், சூடை, நெத்தலி போன்றவற்றைப் பச்சையாக நாள்தோறும் கொடுப்பது நல்லதன்று. பல பச்சை மீன்களில் உள்ள தயமினேஸ் என்ற நொதியம் வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். தனித்து மீனை மட்டுமே உண்டு வளரும் பூனைக்கு வேறு சத்துக் குறைபாடுகளும் சேரும். அவித்து, முள் நீக்கி, உப்பும் வெங்காயமும் இல்லாமல், முழுமையான பூனை உணவோடு கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுப்பதில் தவறில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லக்டோஸ் செரிப்பதில்லை. நாள்பட்ட இளகிய மலத்துக்குச் சில வீடுகளில் காலைப் பால் ஒன்றே காரணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். உணவின் வகையை மாற்றும்போது ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்ற வேண்டும். கடையில் வழக்கமான உணவு முடிந்துவிட்டது என்று ஒரே நாளில் வேறு வகைக்கு மாறுவதால் வரும் வயிற்றோட்டம் கொழும்பில் மிகவும் சாதாரணம்.

நூலும் ஊசியும் தனியாகச் சொல்லப்பட வேண்டியவை. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்புவது அதற்கு எளிதன்று, விழுங்கிக்கொண்டே போகும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கினால், குடல் அந்த நூலின் மீது சுருக்கம் சுருக்கமாகக் கூடி, ஈற்றில் அறுபட்டுவிடும். ஓயாமல் சத்தி எடுக்கும் பூனையின் நாக்கடியில் நூல் தெரிந்தாலும், பின்புறத்தில் தொங்கினாலும், இழுக்கவே கூடாது. அன்றைய தினமே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

வெப்பவலய ஊர்களுக்கே உரிய ஒரு நோயும் உண்டு. சுவரில் ஓடும் பல்லியைப் பிடித்துத் தின்பது கொழும்புப் பூனைகளின் வழக்கம். பிளட்டினோசோமம் என்ற ஈரல் தட்டைப்புழு நத்தையிலிருந்து சிறு நிலப்பூச்சிகளுக்கும், அவற்றிலிருந்து பல்லிக்கும், பல்லியிலிருந்து பூனைக்கும் போய்ச் சேர்ந்து, பித்தக்குழாய்களில் குடியேறுகிறது. பல பூனைகள் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. புழுக்கள் மிகுந்தால் பசியின்மை, சத்தி, மெலிவு, கண்ணிலும் முரசிலும் மஞ்சள் நிறம் ஆகியவை தோன்றும். வழக்கமான பூச்சி மருந்தின் அளவு இதற்குப் போதாது. பிரசிகுவன்டெல் என்ற மருந்தை வைத்தியர் கூடிய அளவில் கொடுக்க நேரிடும். அதே பல்லி நுரையீரல் புழுவின் குடம்பிகளையும் (இளம்புழுக்களையும்) சுமக்கக்கூடும். அந்தப் புழு இருமலையும் இளைப்பையும் தரும். தொய்வு என்றே தவறாக எண்ணப்படும். ஆகவே பல்லி தின்னும் பூனை என்பதை வைத்தியரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

குடற்புழுக்களும் வயிற்றோடு நின்றுவிடுவதில்லை. பூனை உருண்டைப்புழுவின் முட்டையை விழுங்கினால், குடலில் பொரிக்கும் குடம்பி ஈரல் வழியாக நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழாயில் ஏறி, இருமி விழுங்கப்பட்டு மீண்டும் குடலுக்கு வந்துதான் முதிர்ப்புழுவாகிறது. குட்டிகளுக்கோ தாய்ப்பாலிலேயே இது வந்துவிடும். உப்பிய வயிறும், சில வேளைகளில் இருமலும் சேர்ந்த குட்டியைக் கண்டால் புழுவை நினைக்க வேண்டும். கொழுக்கிப்புழுக்களில் ஒன்று நமது நாட்டின் பழைய பெயரையே சுமக்கிறது: அன்கைலொஸ்டோமா செய்லனிக்கம். இலங்கையில் ஒரு மரநாயின் குடலிலிருந்து எடுக்கப்பட்டு, 1911இல் ஆர்தர் லூஸ் என்பவரால் விவரிக்கப்பட்ட இப்புழு நாய்க்கும் பூனைக்கும் மனிதனுக்கும் தொற்றக்கூடியது. குட்டிகளில் இரத்தத்தை உறிஞ்சிக் கறுத்த மலத்தையும் இரத்தச்சோகையையும் தருகிறது. மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்வதும், செய்தபின் கை கழுவுவதும் வீட்டில் உள்ள சிறுபிள்ளைகளுக்காகவும்தான். மலத்திலோ வாலடியிலோ அரிசி போன்ற துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழு. அதைப் பரப்பும் தெள்ளை ஒழிக்காமல் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மீண்டும் வரும்.

வயிற்றோட்டத்தில் உயிரை எடுப்பது நீரிழப்பு. தோளுக்கு மேலுள்ள தோலைத் தூக்கி விட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்; கூடாரமாக நின்றாலோ, முரசு ஈரமில்லாமல் விரலில் ஒட்டினாலோ காத்திருக்கக் கூடாது. தடுப்பூசி போடாத குட்டி திடீரெனச் சோர்ந்து, சத்தியும் வயிற்றோட்டமும் தொடங்கி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டபடி குடிக்காமல் இருந்தால், பூனைப் பார்வோ வைரஸ் நோய் என்றே எண்ணிக்கொண்டு புறப்பட வேண்டும். அந்த வைரஸ் வீட்டுச் சூழலில் ஓராண்டு வரை உயிர்ப்போடு இருக்கக்கூடும். இறந்த குட்டியின் இடத்துக்கு உடனே இன்னொன்றைக் கொண்டுவருபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

மூச்சுப் பக்கத்தில் பெரும்பாலானவை மூக்கிலேயே தொடங்குகின்றன. பூனைத் தடிமனுக்குப் பெரும்பாலும் இரண்டு வைரஸ்களே காரணம். ஹேர்பீஸ் வைரஸ் கண்ணையும் மூக்கையும் தாக்கும்; ஒருமுறை தொற்றினால் நரம்புக்குள் வாழ்நாள் முழுதும் ஒளிந்திருந்து, வீடு மாறுதல், புதிய பூனையின் வருகை போன்ற மன அழுத்தங்களின்போது மீண்டும் தலைகாட்டும். கலிசி வைரஸ் நாக்கிலும் அண்ணத்திலும் புண்களை உண்டாக்கும், எச்சில் வடியும். (தடுப்பூசி போடாத, யாரையேனும் கடித்த, அல்லது நடத்தை மாறிய பூனையின் வாயில் எச்சில் வடிந்தால் விரலை விட்டுப் பார்க்க வேண்டாம். விசர்நோய் இந்நாட்டில் இன்னும் ஒழியவில்லை.) இந்த இரண்டு தடிமன் வைரஸ்களுக்குமான தடுப்பூசி தொற்றை முற்றாகத் தடுக்காவிட்டாலும் நோயின் கடுமையை நன்றாகக் குறைக்கும், குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, குறைந்தது 16 வாரம் வரை தொடர வேண்டும்.

தடிமன் பிடித்த பூனை ஏன் பட்டினி கிடக்கிறது என்பதை விளங்கிக்கொள்வது மிக முக்கியம். பூனை வாசனையை வைத்தே உணவை ஏற்கிறது. மூக்கு அடைத்தால் கிண்ணத்தில் இருப்பது அதற்கு உணவாகவே தெரிவதில்லை. இரண்டு மூன்று நாள் எதுவும் உண்ணாமல் இருக்கும் பூனையின், குறிப்பாகப் பருமனான பூனையின், உடற்கொழுப்பு ஈரலில் வந்து குவிந்து ஈரலைச் செயலிழக்கச் செய்துவிடும். அதன் பிறகு சத்தியும் மஞ்சள் காமாலையும் தொடங்கும். மூக்கில் ஆரம்பித்தது இப்படி வயிற்று நோயாகவே மாறிவிடுகிறது. எனவே இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் மூக்கையும் கண்ணையும் துடைத்துவிடுவதும், குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்து, ஆவி நிறைந்த அந்த அறையில் பூனையைச் சிறிது நேரம் வைத்திருப்பதும், உணவை மெல்லச் சூடாக்கி மணம் எழும்பக் கொடுப்பதும் எளியவையாகத் தோன்றினாலும் உயிர் காப்பவை. மனிதருக்கான வேது பிடிக்கும் தைலங்களையும் யூக்கலிப்டஸ் எண்ணெயையும் பூனைக்குப் பயன்படுத்தக் கூடாது.

தொய்வைப் பொறுத்தவரை நமது வீட்டுப் பழக்கங்கள் மூன்றைச் சொல்ல வேண்டும்: நுளம்புத்திரி, சாம்பிராணி, ஊதுபத்தி. ஒரு நுளம்புத்திரி எரியும்போது வெளிவரும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தத் திரி வைக்கப்படுவது தரையில். பூனை மூச்செடுப்பதும் அதே உயரத்தில். டெங்கு பரவும் மழைக்காலங்களில் நுளம்பைத் தடுக்காமல் இருக்க முடியாது என்பது உண்மைதான். அதற்கு யன்னல் வலையும் நுளம்பு வலையும் போதிய வழிகள். ஒழுங்கையில் புகையடிக்க வருகிறார்கள் என்று அறிந்தால், யன்னல்களை மூடி, பூனையை உள்ளறையில் வைத்து, புகை முற்றாக அடங்கிய பிறகு திறக்கலாம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைக் கைவிடச் சொல்ல நான் முன்வரவில்லை. பூனை அந்த அறையில் இல்லாதபோது காட்டி, காற்றோட்டத்துக்குக் கதவைத் திறந்துவிட்டால் போதும். மேலே சொன்ன சாம்பல் நிறப் பூனைக்கு வைத்தியர் முகமூடி பொருத்திய குழாய் வழியாக ஸ்டீரொயிட் இன்ஹேலர் கொடுக்கக் கற்றுத்தந்தார், திரியும் நிறுத்தப்பட்டது, இருமல் மிக அரிதாகிவிட்டது.

மூச்சை எண்ணப் பழகுங்கள். பூனை நன்றாகத் தூங்கும்போது அதன் விலா ஏறி இறங்குவதை ஒரு மூச்சாகக் கொண்டு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 30க்குக் குறைவாக இருப்பது இயல்பு. தூக்கத்திலேயே அதைத் தொடர்ந்து தாண்டினால் வைத்தியரை அழைக்க வேண்டும். 40ஐத் தாண்டினால் தாமதிக்கக் கூடாது. மின்விசிறியின் கீழ் தரையில் நீட்டிப் படுத்திருக்கும் பூனையில் இதை எண்ணுவது மிக எளிது. நலமாக இருக்கும் காலத்திலேயே அதன் வழக்கமான எண்ணை அறிந்து வைத்திருந்தால் மாற்றம் உடனே புலப்படும். நாயைப் போல் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது பூனைக்கு இயல்பன்று. ஓய்வில் இருக்கும் பூனை அப்படிச் செய்தால் அது அவசர நிலை. இதய நோயால் நுரையீரலில் நீர் கோப்பதும், நெஞ்சறையில் திரவம் தேங்குவதும் இப்படியே வெளிப்படும்.

திரவத் தேக்கத்தின் காரணங்களில் ஒன்று, பூனைக் கொரோனா வைரஸின் திரிபால் வரும் எஃப்.ஐ.பி. நோய். அது சில பூனைகளில் வயிற்றையும் சிலவற்றில் நெஞ்சையும் நீரால் நிரப்பும். நீண்ட காலம் மரண தண்டனையாகவே கருதப்பட்ட இந்நோய்க்கு, ஜி.எஸ். 441524 என்ற மருந்து பெரும்பாலான பூனைகளில் பலனளிப்பதை அமெரிக்க மிருக வைத்திய ஆய்வாளர் நீல்ஸ் பெடர்சனின் குழு 2019இல் காட்டியது. வழமையாக 84 நாள் சிகிச்சை. "எஃப்.ஐ.பி. என்றால் ஒன்றும் செய்ய இயலாது" என்ற பழைய பேச்சை இனியும் நம்ப வேண்டியதில்லை.

உயரமான மாடிகளில் வாழ்வோருக்கு இன்னொன்று. பல்கனியிலிருந்து விழுந்த பூனை எழுந்து நடந்தாலும் அதற்கு ஒன்றுமில்லை என்று பொருளாகாது. நியூயோர்க்கில் மாடிகளிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் வெளியான ஆய்வில், 90 சதவீதமானவற்றுக்கு மார்பில் காயம் இருந்தது. நெஞ்சறையையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்தால் குடலும் ஈரலும் நெஞ்சறைக்குள் ஏறிவிடும். சில பூனைகள் அதோடு வாரக்கணக்கில் நடமாடி, பிறகு ஒருநாள் சத்தியும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்து சேரும். பல்கனிக்கு வலை அடிப்பதற்கான செலவு இதற்கான அறுவைச் சிகிச்சைச் செலவோடு ஒப்பிடத்தக்கதன்று.

பனடோலைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். காய்ச்சல், தடிமன் என்றவுடன் நமது கை தானாகப் போவது அந்த அட்டையை நோக்கித்தான்; "குழந்தைக்குக் கொடுக்கிறோமே, பூனைக்குக் கால் மாத்திரை கொடுத்தால் என்ன" என்று கேட்பவர்கள் அன்பினால்தான் கேட்கிறார்கள். பூனையின் ஈரலுக்குப் பனடோலில் உள்ள பரசிற்றமோலைப் பிரித்து வெளியேற்றும் ஆற்றல் மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று சாதாரண எடையுள்ள பூனையைக் கொல்லப் போதுமானது. அதன் ஒரு பகுதியும் நஞ்சுதான். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, முரசு சொக்லேட் நிறமாகும். முகமும் பாதங்களும் வீங்கும். சத்தியும் மூச்சுத்திணறலும் ஒன்றாக வரும். அசெற்றைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு, ஆனால் அது சில மணித்தியாலங்களுக்குள் தொடங்கப்பட வேண்டும். கொடுத்துவிட்டவர் வெட்கப்பட்டு மறைக்காமல், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று அப்படியே சொல்வதே அந்தப் பூனைக்குச் செய்யக்கூடிய பேருதவி.

மூச்சுத் திணறும் பூனையைக் கொண்டுபோவதிலும் கவனம் தேவை. துவாயில் இறுக்கிச் சுற்றவோ, மடியில் மார்பை அழுத்திப் பிடிக்கவோ கூடாது. வழியில் உணவோ தண்ணீரோ ஊட்டக் கூடாது. காற்றோட்டமுள்ள கூட்டில் வைத்து, மேலே மெல்லிய துணியைப் போட்டு, முச்சக்கர வண்டியில் கூட்டைச் சமமாகத் தாங்கிக்கொள்ள வேண்டும். புறப்படுமுன் தொலைபேசியில் அழைத்து, மூச்சுத் திணறும் பூனையைக் கொண்டுவருகிறோம், ஒட்சிசன் கொடுக்கும் வசதி இருக்கிறதா, இப்போது வைத்தியர் இருக்கிறாரா என்று இரண்டையும் கேட்டுவிட வேண்டும். கேட்டுவிட்டுப் போனால், அந்த நிலையில் உள்ள பூனையை வைத்துக்கொண்டு காலி வீதியின் மாலை நெரிசலில் இரண்டாவது இடம் தேடி அலைய வேண்டியிராது.